சுவார்ட்ஸ் ஐயர் மறுத்த ஞானஸ்நானம்

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் எங்கே என்று கேட்டால் வழி சொல்லிவிடுவார்கள். பாப்பாத்தியம்மாள் எனப்பட்ட கிளாரிந்தா 1785இல் கட்டிய கிறிஸ்தவ ஆலயம் அது. தாம்பரத்தில் வளர்ந்த எனக்கு அவள் கதையைச் சொன்னது அத்தை. கரண்ட் போன இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருப்போம். தஞ்சாவூர்ப் பிராமண விதவை, உடன்கட்டை ஏறவிருந்தவளைக் காப்பாற்றிய வெள்ளைக்கார அதிகாரி லிட்டில்டன் என்று விறுவிறுவென்று போகும். பிறகு ஒரே தாவு: “ஞானஸ்நானம் வாங்கினா, கோயில் கட்டினா.”

நடுவே என்ன நடந்தது என்று கேட்டால், “தூங்குடா.”

ஓய்வுநாள் பள்ளியில் பரிசாகக் கிடைத்த புத்தகங்களில் அவள் இல்லை. லிவிங்ஸ்டன் இருந்தார், வில்லியம் கேரி இருந்தார். மெல்லிய புத்தகங்கள். முதல் பக்கத்தில் ஊதா மையில் ஆலய முத்திரை, நடுவில் துருப்பிடித்த இரண்டு பின்கள், அவற்றைச் சுற்றிப் பழுப்புக் கறை. அவற்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். ஆனால் மின்சார ரயிலில் போனால் எட்டிவிடும் தூரத்திலிருந்த பரங்கிமலையின் கதை அவற்றில் இல்லை. அந்த மலைக்குப் படிகள் கட்டியவர் பெத்ரோஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பழைய பாலத்தைக் கட்டியவரும் அவரே. அந்தப் படிகளில் மூச்சு வாங்க ஏறிய எங்களுக்கு அவரைக் கதையாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆசையாகக் கேட்டிருப்போம்!

கிளாரிந்தாவை முழுசாகத் தந்தவர் அ. மாதவையா. 1915இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். சரோஜினி பாக்கியமுத்து தமிழாக்கினார். மாதவையா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். அவர் காலத்தில் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது 1937இல். மான்கள் மேயும் அந்த வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்துதான் நான் அந்த நாவலைப் படித்தேன். மாதவையா மதம் மாறியவர் அல்லர். மாறிய ஒருத்தியின் வாழ்க்கையை அவ்வளவு மதிப்போடு எழுதியிருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனேன்.

அத்தை தாவிய இடம் அங்கே தெரிந்தது. கிளாரிந்தா ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். காரணம், லிட்டில்டனோடு அவள் திருமணமாகாமல் வாழ்ந்துவந்தாள். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் ஐயர் கொடுத்தார். 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர். முதல் பெயர் கிளாரிந்தா.

பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் அந்த மறுப்பை மழுப்பக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அத்தையின் தயக்கம் புரிகிறது. ஆனால் மறுக்கப்பட்ட பிறகும் அவள் விலகிப் போகவில்லையே, அதை விட்டுவிட்டால் அவளைப் பற்றி வேறென்ன சொல்ல இருக்கிறது? போன கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் சேலையூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “ஐயர் மேல அவங்களுக்குக் கோவம் வரலையா அங்கிள்?” என்றாள். வந்திருக்கும் என்றேன். பக்கத்திலிருந்த பையன் ஐயர் செய்தது சரிதான் என்றான். பிரேயருக்கு மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் விடுவதாக இல்லை.