ஒடுகத்தூர் சந்தையும் மூன்று நிமிடமும்

வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக பஸ் பிடித்தால், ஜவ்வாது மலை கண்ணுக்கு நெருங்கி வரும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஒடுகத்தூர். உத்திரகாவேரி ஆற்றங்கரை ஊர். வெள்ளிக்கிழமையானால் ஆட்டுச் சந்தை. மலைக் கிராமத்து ஜனங்களும் வெளியூர் வியாபாரிகளும் வந்து குவிந்துவிடுவார்கள். "விடிஞ்சதும் வரேன்", "வெயில் ஏறுறதுக்குள்ளே வந்துடறேன்" என்பதுதான் பேச்சு. மணிக்கணக்கு யாருக்கு வேண்டும்? ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள்தான் வேனுக்காகக் கடிகாரம் பார்ப்பார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஆசை உண்டு. இருக்காதா பின்னே? நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ்குமார் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் பளு தூக்கித் தங்கம் வாங்கி வந்தவராயிற்றே! ஆனால் பக்கத்து வீட்டு அம்மாள், நன்றாக ஓடுகிற தன் மகளைப் பற்றிக் கேட்டாள்: "வெளிநாடுன்னு அனுப்பினா, இவ அங்கே எப்படிக்கா சமாளிப்பா?"

நியாயமான கவலைதான். சென்னைப் பெண் பவானி தேவியின் கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் மூங்கில் குச்சியை வைத்து வாள்வீச்சு பழகியவர். போட்டிக்கு அனுப்ப அவர் அம்மா நகையை அடகு வைத்திருக்கிறார். 2007ல் துருக்கியில் முதல் சர்வதேசப் போட்டி. மூன்றே நிமிடம் தாமதம். கறுப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள்! பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அதே பெண் 2016லிருந்து இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுக நகரில் தங்கிப் பயிற்சி எடுத்தார். 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாக இறங்கி, முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்தார். அடுத்த ஆட்டத்தில் தோற்றாலும், வாசலைத் திறந்து வைத்தது அவர்தானே?

சகோதரிகளே, அந்த ஊர்ச் சாப்பாடு வேறு, பேச்சு வேறு. வாள்வீச்சில் நடுவர் கொடுக்கும் குரல்கூட பிரெஞ்சு மொழி! எனவே, பிள்ளை கிளம்பும் முன்பே வீட்டில் சிலதைப் பழக்கலாம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கட்டும். ரசமும் சாதமும் தானே வைக்கத் தெரியட்டும். துணியைத் தானே துவைக்கட்டும். புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கட்டும்.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. நம் இரவு ஒன்பது மணி, இத்தாலியில் குளிர்காலத்தில் மாலை நாலரை; பயிற்சி நேரமாக இருக்கலாம். அப்போது போன் போட்டு, "சாப்பிட்டியா கண்ணு?" என்று அழக்கூடாது!

பக்கத்து வீட்டில் இப்போது அலாரம் வைத்து எழுப்புவது அம்மா இல்லை. அந்தப் பெண்ணேதான் எழுந்திருக்கிறாள்.