சம இரவும் ஒரு பொட்டலம் கடலையும்

கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வானியல்.

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை, மகாளய அமாவாசை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்குப் போயிருந்தோம். அண்ணன் ஈர வேட்டியோட உட்கார்ந்தான். எனக்கு இந்தச் சடங்கிலெல்லாம் நம்பிக்கை இல்லை. படித்துறையில் தள்ளி நின்னேன். திரும்பி வரும்போது கார்ல அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. "அவருக்கு உன் கையால ஒரு வாய் தண்ணி கிடையாதாடா?" புதுக்கோட்டை வர்ற வரைக்கும் அதுக்கப்புறம் பேச்சே இல்லை.

அன்னைக்கு ராத்திரி இங்கிலாந்தில் இருக்கும் நண்பன்கிட்ட புலம்பினேன். அவன் சொன்னான், "நாளைக்குச் சம இரவு நாள்டா. இங்க பேகன்னு சொல்லிக்கிறவங்க கொண்டாடுவாங்க." ஸ்டோன்ஹெஞ்சில் விடியற்காலையில் கூடுவார்களாம். ஆப்பிள், தானியம் என்று அறுவடையில் வந்ததை வைத்து நன்றி சொல்லி, பகிர்ந்து சாப்பிடுவார்களாம். அதுக்கு 'மேபன்' என்ற பெயரே 1970களில் வைத்ததுதானாம். ஜப்பானில் அன்னைக்கு அரசு விடுமுறை. குடும்பத்தோடு முன்னோர் கல்லறைக்குப் போவார்கள். நம்ம மகாளயம் மாதிரியே!

நமக்கும் இந்த நாள் இருந்திருக்கு. ஐப்பசி விஷுன்னு பேரு. விஷு என்றால் பகலும் இரவும் சமமாகிற நாள். துலா மாசம்; துலா என்றால் தராசு. ஆனா ஐப்பசி 1 இப்போ அக்டோபர் 18 வாக்கில் வருது. காரணம், பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுகிற மாதிரி மெதுவா ஆடுது. அதனால நட்சத்திரக் கணக்குக்கும் பருவக் கணக்குக்கும் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு நாள் இடைவெளி விழுது. சுமார் 1700 வருஷம் முன்னாடி இரண்டும் ஒண்ணா இருந்தது. வானம் நகர்ந்துடுச்சு. நாம காவிரித் துலா ஸ்நானத்தைப் பழைய தேதியிலேயே செய்துகிட்டிருக்கோம்.

திங்கட்கிழமை சாயங்காலம் பைக்கை எடுத்துக்கிட்டு நார்த்தாமலைக்குப் போனேன். சின்ன வயசில் பங்குனித் திருவிழாவுக்கு அப்பா எங்களைத் தோளில் தூக்கிக்கிட்டு மாரியம்மன் கோவிலுக்கு வருவார். போகிற வழியில் அவிச்ச கடலை வாங்கினேன். அப்பாவுக்கு உயிர் அது.

மேலமலையில் இருக்கிற விஜயாலய சோழீஸ்வரம் மேற்குப் பார்த்த கோவில். பேர்தான் சோழீஸ்வரம்; கட்டினது முத்தரையர், 9-ஆம் நூற்றாண்டு. இடி மழையில் பழுதானதை மல்லன் விடுமன் புதுப்பிச்சார்னு வாசல் கல்வெட்டு சொல்லுது. சம இரவு நாளில் சூரியன் நேர் மேற்கில் மறையும். வெளிச்சம் நேரா வாசலுக்கு வரும், அப்பா எதையோ சொல்ற மாதிரி இருக்கும்னு ஒரு நப்பாசை. நம்பிக்கை இல்லாதவனுக்கு வந்த ஆசையைப் பாருங்க :)

ஒண்ணும் நடக்கலை. எதிரே இரண்டு குடைவரைகள் கிழக்குப் பார்த்து இருக்கு. அந்தப் பாறை மறைச்சு சூரியன் முன்னாடியே போயிடுச்சு. கோவில் மேற்கே பார்க்க, குடைவரைகள் கிழக்கே பார்க்க, நடுவில் நான் கடலைப் பொட்டலத்தோடு.

இன்னொரு விஷயம். சம இரவுன்னு சொன்னாலும் அன்னைக்கு நம்ம ஊரில் பகல் ஏழு நிமிஷம் போல கூடுதல். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததிலிருந்து மறைகிற வரை கணக்கு வைக்கிறதாலயும், காற்று மண்டலம் ஒளியை வளைக்கிறதாலயும் அப்படி. தராசு எப்பவும் சரியா நிக்காது போல. அப்பா கணக்கும் எனக்கு அப்படித்தான். அவர் செஞ்சதுக்கு ஈடா நான் எதுவும் செய்யலை. இனி செய்யவும் முடியாது.

காவல்காரர் வந்து, "இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க தம்பி" என்றார். ஒரு கை கடலை கொடுத்தேன். உரிச்சு வாயில் போட்டுக்கிட்டே, "இந்த வருசக் கடலை நல்லாத் திரட்சியா இருக்கு" என்றார். அப்பா சொல்ற அதே வார்த்தை. எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

மீதிக் கடலையை வீட்டுக்குக் கொண்டு வந்து அம்மாகிட்ட கொடுத்தேன். "எங்கடா போனே?" "நார்த்தாமலைக்கு. அப்பாவுக்கு." அம்மா ஒண்ணும் கேக்கலை. நாலு கடலையை எடுத்து அப்பா படத்துக்கு முன்னாடி வச்சுட்டு, மீதியை மடியில் போட்டு உரிக்க ஆரம்பிச்சாங்க. அண்ணனும் நானும் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

அடுத்த மகாளயத்துக்கு அம்மா மண்டபத்தில் தள்ளி நிக்கப் போறதில்லை. மந்திரம் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணனுக்குச் சொம்பில் தண்ணி எடுத்துக் கொடுப்பேன். என் கையால அவ்வளவு முடியும்.