தொடுவானுக்கு அப்பால்

1989-இல் வெளிவந்த ‘ஹார்ப்பூன்’ என்னும் கணிப்பொறிப் போர் விளையாட்டில் பல இரவுகளைக் கழித்தவன் நான். அதில் பகைவனின் கப்பல் வரைபடத்தில் வெறும் குறியீடாகவே தோன்றும். முதலில் ரேடார் அதனைக் கண்டறிய வேண்டும். ரேடாரை இயக்கினாலோ நம் இருப்பிடமும் பகைவனுக்குப் புலப்பட்டுவிடும். இத்தயக்கத்தை விளையாட்டு நேர்த்தியாகவே வடித்திருந்தது என்பேன். ஏவிய கணை தாக்குமா தவறுமா என்பதை நிகழ்தகவுக் கணக்கு முடிவு செய்யும். குறியீடு மறைந்தால் மகிழ்வேன்.

பின்னாளில் ஃபாக்லாந்துப் போர் பற்றிப் படித்தேன். 1982 மே 4 அன்று அர்ஜென்டினா விமானம் தொலைவிலிருந்து ஏவிய எக்ஸோசெட் ஏவுகணை, பிரிட்டனின் ‘ஷெஃபீல்ட்’ போர்க்கப்பலைத் தாக்கியது. 20 பேர் மாண்டனர். விமானி கண்டதும் ரேடார் திரையில் ஒரு புள்ளியைத்தான்.

அன்றிரவும் விளையாடினேன். குறியீடு மறைந்தது, மகிழ்ச்சி வரவில்லை.