வீட்டு வேலையே யோகாசனம் ஆகுமா?

"நாள் முழுக்கக் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யறோம். இதுக்கு மேல யோகா வேற இன்னாத்துக்கு?"

எங்கள் காவாந்தண்டலத்தில் பெண்களுக்கு யோகாசன வகுப்பு என்று பேச்சு எழுந்ததும் முதலில் வந்த கேள்வி இதுதான். கேட்டவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. விடியலில் வாசல் தெளிப்பதில் தொடங்கி, நடவு, களை, மாடு, அடுப்பு, பிள்ளைகள் என்று இரவு பத்து மணி வரை ஓடுகிறவர்கள். இவர்களிடம் போய் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் கோபம் வராதா, சொல்லுங்கள்?

அதற்கு எங்கள் டீச்சரம்மா சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. "நீங்க குனியறீங்க, சரி. எப்ப நிமிர்றீங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. பெருக்குவது, கோலம் போடுவது, பாத்திரம் துலக்குவது, அரிவாள்மனையில் காய் நறுக்குவது, நாற்று நடுவது, களை பறிப்பது, குழந்தையை இடுப்பில் தூக்குவது, எல்லாமே முன்பக்கம் வளைகிற வேலை. கை தலைக்கு மேலே போவது துணி காயப்போடும்போது மட்டும்தான். முதுகு பின்பக்கம் வளைவது என்பது நம் வாழ்க்கையில் அநேகமாகக் கிடையாது. ஒரே பக்கம் இழுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிற கயிறு ஒரு பக்கம் நைந்து போகிறதல்லவா? வேலையில் உடம்பு உழைக்கிறது, நிஜம். ஆனால் ஒரே சில மூட்டுகளும் ஒரே சில தசைகளும்தான் உழைத்து உழைத்துத் தேய்கின்றன. மற்றவை இறுகிப்போய்க் கிடக்கின்றன. அதோடு, வேலை செய்யும்போது மூச்சை யார் கவனிக்கிறோம்? குடத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், இறக்கி வைத்ததும் "உஸ்" என்று விடுகிறோம். அவ்வளவுதான் நமக்கும் மூச்சுக்கும் உள்ள உறவு.

நெசவாளர்களுக்கும் இதே கதைதான். காஞ்சிபுரத்தில் தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு, நாள் முழுக்க முன்னால் சாய்ந்து உட்கார்ந்து நெய்கிறவர்களின் முதுகைப் பார்த்தால் தெரியும். வேதாத்திரி மகரிஷி அப்படிப்பட்ட ஒரு நெசவாளர் குடும்பத்தில்தான் பிறந்தார். 1911-ல், நம் பக்கத்து கூடுவாஞ்சேரியில். தாமே தறியில் உழைத்தவர். அவர் வகுத்துக் கொடுத்த எளிமுறை உடற்பயிற்சியைப் பார்த்தால், வேலைக்குப் போகிற சாதாரண ஜனங்களை மனதில் வைத்துச் செய்ததென்று புரியும். கைக்கு, காலுக்கு, மூச்சுக்கு, கண்ணுக்கு என்று பிரித்து, முடிவில் அக்கடா என்று படுத்து உடம்பைத் தளர்த்துவது வரை இருக்கிறது. தலைகீழாக நிற்கச் சொல்லவில்லை. பல ஊர்களில் மனவளக்கலை மன்றங்களில் இதைச் சொல்லித்தருகிறார்கள்.

இரண்டாவது கட்சிக்காரர்கள், "நம்ம உடம்பு வளையாது" என்பவர்கள். நாற்பதைத் தாண்டிய எங்களில் பாதிப் பேர் இந்தக் கட்சி. தொலைக்காட்சியிலும் செல்போனிலும் காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்துவிட்டு, அதுதான் யோகா என்று முடிவு கட்டிவிடுகிறோம். பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தில் ஏறக்குறைய இருநூறு சூத்திரங்கள் இருக்கின்றன. அதில் ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுபவை மூன்றே மூன்று! ஆசனம் என்பது அசையாமல், அதே சமயம் சுகமாக இருக்கவேண்டும் என்பதுதான் அங்கே முக்கியமான பேச்சு. காலைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறவருக்கு அந்த சுகம் எங்கிருந்து வரும்? நம் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தை யோகத்துக்கென்றே வைத்திருக்கிறார். அங்கேயும் ஆசனம் எட்டுப் படிகளில் ஒரு படிதான்.

சென்னையில் பல காலம் இருந்து கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989), ஆளுக்குத் தக்கபடி பயிற்சியை மாற்றிக் கொடுத்தவர். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-ல் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவி அந்த முறையையே வளர்த்தார். உடம்புக்காக ஆசனத்தை மாற்றலாம், ஆசனத்துக்காக உடம்பை முறிக்கக் கூடாது என்பது அந்த வழி. கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார் சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசம் என்று எல்லாம் வந்து எலும்பும் தோலுமாக இருந்தவர். "இந்தப் பையன் வளைவான்" என்று அப்போது யாராவது சொல்லியிருப்பார்களா? பிற்காலத்தில் நாற்காலி, பெல்ட், கயிறு, கட்டை என்று துணைப் பொருள்களை வைத்து முடியாதவர்களையும் செய்ய வைத்தவர் அவர்தான்.

எங்கள் வகுப்பில் பெல்ட்டுக்குப் பதில் குற்றாலத் துண்டு, கட்டைக்குப் பதில் தலையணை. பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும் வழுக்காமல் சுவரோடு ஒட்டிப் போடச் சொல்வார். கீழே உட்கார முடியாத முட்டிவலிக்காரர்களுக்கு அதுதான் ஆசனம். இதற்காகக் கடையில் போய் ஆயிரக்கணக்கில் செலவு செய்து விரிப்பு வாங்கவேண்டிய அவசியமில்லை. வழுக்காத ஜமக்காளம் போதும். கோரைப்பாய் சிமெண்ட் தரையில் நழுவும், படுத்துச் செய்வதற்கு மட்டும் சரி.

முதல் வாரம் முழுக்க நாங்கள் செய்தது என்ன தெரியுமா? மூச்சை இழுத்துக்கொண்டே கையை மேலே தூக்குவது, மூச்சை விட்டுக்கொண்டே கையை இறக்குவது. அவ்வளவே! "இதுக்கா டீச்சர் வேணும்?" என்று இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஆனால் செய்து பார்த்தால்தான் தெரிகிறது. கை முன்னே போய்விடுகிறது, மூச்சு பின்னால் வருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிப்பதற்கு எனக்குப் பத்து நாள் ஆயிற்று. டீச்சரம்மாவின் விதி ஒன்றே ஒன்று. மூச்சு எங்கே முட்டுகிறதோ, திணறுகிறதோ, அங்கிருந்து ஒரு அங்குலம் பின்வாங்கிவிடு. பக்கத்தில் இருப்பவள் கால் விரலைத் தொடுகிறாளே என்று பார்க்காதே. முட்டியை மடக்கிக்கொண்டு குனிந்தாலும் அது ஆசனம்தான்.

மூச்சில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் நிதானமாகும். சிலருக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் வெளிமூச்சை நீளமாக விடச் சொல்கிறார்கள். நாலு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடலாம். பிடித்து நிறுத்த வேண்டாம், பழகாதவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. இரவு படுத்தால் பிள்ளையின் பீஸ், மகளிர் குழுக் கடன் தவணை என்று ஓடிக்கொண்டிருக்கும் மனசு, இப்படிப் பத்து தடவை மூச்சு விட்டால் சற்று அடங்குகிறது. எனக்கு முதலில் கிடைத்த பலன் முதுகுவலி குறைந்தது அல்ல, தூக்கம். முதுகு மெதுவாக, மூன்று மாதம் கழித்துத்தான் வழிக்கு வந்தது.

"சாமியார்கள் செய்வது, ஆம்பளைங்க செய்வது" என்பதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1938-ல் எடுத்த பழைய படம் ஒன்று இருக்கிறது. அதில் கிருஷ்ணமாச்சாரியாரின் மனைவி நாமகிரியம்மாவும் பெண் குழந்தைகளும் ஆசனம் செய்கிறார்கள். கோவை நானம்மாள் பாட்டி சேலை கட்டிக்கொண்டே தொண்ணூறு வயதுக்கு மேலும் செய்து காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கி, 2019-ல் தமது 99-வது வயதில் காலமானார். சர்ச்சுக்குப் போகிற அக்கா ஒருவரும் எங்கள் வகுப்பில் உண்டு. மற்றவர்கள் ஓம் சொல்லும்போது அவர் பேசாமல் கண்ணை மூடிக்கொள்வார். யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை.

இப்போது அந்த நாலாவது கட்சிக்கு வருகிறேன். "யோகா செஞ்சா மாத்திரையே வேணாம்" என்கிற கட்சி. மற்ற தப்பபிப்பிராயங்களால் யோகாசனம் செய்யாமல் இருந்துவிடுவோம், பெரிய நஷ்டமில்லை. இதனால் ஆளே போய்விடலாம்.

என் மூத்த ஓரகத்திக்கு 54 வயது. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ரத்தக்கொதிப்புக்கு ஐந்து வருஷமாக மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்த பிறகு மாத்திரையும் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. பெண்ணின் பிரசவத்துக்கு உதவியாக வெளியூர் போனவர், அங்கே ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறார். நல்ல விஷயம்தான். ஆனால் அங்கே நடத்தியவர், "தினமும் இதைச் செய்தால் மருந்து தானாக நின்றுவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார். தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, உடம்பு லேசாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு. ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏழாவது வாரம், காலையில் டீ ஆற்றும்போது இடது கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. மருமகப்பிள்ளை விவரமானவர். "கொஞ்ச நேரம் படுக்கட்டும், சரியாயிடும்" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்காமல் உடனே 108-க்குப் போன் செய்துவிட்டார். ரத்தக்கட்டியால் வருகிற பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குள் போய்ச் சேர்ந்ததால் அக்கா பிழைத்தார், பேச்சும் திரும்பியது. இடது கையில்தான் இன்னும் பலம் போதவில்லை.

"ஏம்மா மாத்திரையை விட்டீங்க?" என்று டாக்டர் கேட்டாராம்.

"யோகா செய்யறேனே சார்."

"யோகாவும் செய்யுங்க, மாத்திரையும் போடுங்க. ரெண்டுக்கும் சண்டை கிடையாது. குறைக்கணும்னா நான் பார்த்துக் குறைக்கிறேன்."

அந்த டாக்டர் யோகாசனத்தைக் கேலி செய்யவில்லை, பாருங்கள். ஒழுங்காகச் செய்தால் ரத்த அழுத்தம் ஓரளவு இறங்குவது உண்மைதான். ஆனால் எவ்வளவு இறங்கியது என்பதைக் கருவி சொல்லவேண்டும், நம் மனசு சொல்லக் கூடாது. சர்க்கரைக்கும் இதே கணக்குதான். அங்கே இன்னொன்றும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயிற்சியால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடவும் கூடும். அதனால் வகுப்பில் சேர்வதை டாக்டரிடமும், மருந்து சாப்பிடுவதை டீச்சரிடமும், இரண்டு இடத்திலும் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

வாய் திறந்து சொல்வதுதான் நமக்குக் கஷ்டம். எங்கள் வகுப்பில் ஒருவருக்குக் கர்ப்பப்பை இறக்கம். வெட்கப்பட்டு ஒரு மாதம் சொல்லவே இல்லை. வயிற்றை வேகமாக உள்ளிழுத்து மூச்சைத் தள்ளுகிற கபாலபதி அவருக்கு ஆகவே ஆகாது. அதிக ரத்தக்கொதிப்பு, குடலிறக்கம் உள்ளவர்களும், வயிற்றில் ஆபரேஷன் ஆகிச் சில மாதங்களே ஆனவர்களும், கர்ப்பிணிகளும் அதைத் தொடக் கூடாது. கண்ணில் நீர் அழுத்தம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போகவேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் அப்படியே. மாதவிலக்கு நாட்களில் தலைகீழ் ஆசனங்களையும், வயிற்றை இறுக்குகிறவற்றையும் விட்டுவிட்டு, படுத்தபடி இளைப்பாறுவதை மட்டும் செய்யலாம். ஐயங்காரின் மகள் கீதா ஐயங்கார் பெண்களுக்கென்றே எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். தீட்டு என்று ஒதுக்கி வைப்பது வேறு, களைத்த உடம்புக்கு ஓய்வு கொடுப்பது வேறு. மாமியார்மார் இதைக் கவனிக்க வேண்டும்!

அக்கா இப்போது எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து எங்களோடு செய்கிறார். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, மூச்சோடு மேலே தூக்குவார். மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் டீச்சரம்மா வகுப்பைத் தொடங்குவார்.

நேரம் எது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதிகாலை வெறும் வயிறு உத்தமம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்க ஓடுகிறவளிடம் இதைச் சொல்லி என்ன பயன்? சாப்பிட்டு மூன்று, நாலு மணி நேரம் ஆகியிருந்தால் போதும். நாங்கள் பன்னிரண்டரைக்கெல்லாம் சாப்பாட்டை முடித்துவிட்டு, நாலு மணிக்குக் கூடுகிறோம். இருபது நிமிஷம் பயிற்சி, ஐந்து நிமிஷம் படுத்து எழுவது. பிள்ளைகளை இறக்கிவிடுகிற பள்ளிக்கூட பஸ் நாலேமுக்காலுக்குத்தான் வரும்.