ஆணையற்ற காவல்

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பிரதேசத்திலுள்ள ஃபார்ன்பரோ, 1908ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி சாமுவேல் கோடி என்பவர் அந்நாட்டிலேயே முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்து காட்டிய இடம். ஆயினும் நான் அங்கே சென்றது அந்தச் சரித்திரத்தை நாடி அன்று, சிறு விமானங்களில் தனியே பறப்பவர்களுக்கு ராடாரின் உதவியால் வழித்துணையாக விளங்கும் கட்டுப்பாட்டாளர்களின் தொழிலை அருகிருந்து காண விரும்பியே ஆகும்.

வடகிழக்கே ஹீத்ரோவும் தென்கிழக்கே கேட்விக்கும் தரையிலிருந்து 2,500 அடி வரை தத்தம் கட்டுப்பாட்டு வான்வெளியை விரித்திருக்க, அவற்றுக்கு மேலே லண்டனுக்கு வந்துபோகும் பெரிய விமானங்களின் மண்டலம் கூரைபோல் கவிந்திருக்க, எஞ்சிய குறுகிய இடைவெளியில் அனுமதி கேளாமலும் எவரிடமும் பேசாமலும் பறக்கும் சுதந்திரம் சிறு விமானிகளுக்குச் சட்டப்படியே உண்டு. அந்தச் சுதந்திரத்தைப் பறிக்காமல் அவர்களைக் காப்பதுதான் ஃபார்ன்பரோவின் ராடார் அறையில் அமர்ந்திருப்போரின் கடமை.

எனக்கு விளக்கம் கூற இசைந்த கட்டுப்பாட்டாளர் அம்மையார், வானொலியில் ஒருவர் அழைத்தவுடன் அவருடைய விமானத்தின் வகை, புறப்பட்ட இடம், சேருமிடம், உயரம் ஆகியவற்றைக் கேட்டு, நான்கு இலக்கச் சங்கேத எண் ஒன்றைக் கொடுத்தார். ராடார் நிலையம் 1,030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி அனுப்ப, விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1,090 மெகாஹெர்ட்ஸில் அந்த எண்ணையும் உயரத்தையும் விடையாகத் தருகிறது. ஆகவே திரையில் எண்ணும் உயரமுமாகத் தெரிவது விமானம் தன்னைப்பற்றித் தானே சொல்லிய விடை; அந்தக் கருவி இல்லாத விமானமோ, தெரிந்தாலும், உயரமற்ற வெறும் புள்ளியாகவே தெரியும். அருகேயுள்ள லாஷமிலிருந்து எழும்பும் என்ஜினற்ற கிளைடர்களில் பல அப்படிப்பட்டவை என்பதால், "இரண்டு மணித் திசையில், மூன்று மைலில், வலமிருந்து இடமாக ஒரு விமானம், உயரம் தெரியவில்லை" என்று அம்மையார் அன்று பலமுறை சொல்ல நேர்ந்தது.

இவ்வாறு பிற விமானங்களைச் சுட்டிச் சொல்வது ஒருவகைச் சேவை. மற்றொருவகையில், தொடர்பில் இல்லாத விமானங்களிலிருந்து 5 மைலோ 3,000 அடியோ விலகியிருக்கும்படி வழி சொல்ல முயல்வார்கள். பலரும் கேட்பது மிக எளிய அடிப்படைச் சேவையே; அதில் திரையைத் தொடர்ந்து கவனிக்கும் கடமைகூடக் கட்டுப்பாட்டாளருக்கு இல்லை. எச்சேவையாயினும் மோதலைத் தவிர்க்கும் இறுதிப் பொறுப்பு விமானியையே சாரும். ஆணையிடும் அதிகாரமின்றி, நயமாகச் சொல்லியே ஒருவரைக் காப்பது ஆணையிட்டுக் காப்பதைக் காட்டிலும் கடினமான தொழில் என்றே எனக்குத் தோன்றியது.

கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு எல்லை உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி பக்கிங்ஹாம்ஷயரில் வாட்ஸ்டன் அருகே, விக்கம் விமானத்தளத்திலிருந்தே புறப்பட்ட ஒரு செஸ்னா விமானமும் ஒரு ஹெலிகாப்டரும் மோதி நால்வர் மாண்டனர். ஒருவர் பார்வையில் அசையாமல் நின்ற இடத்திலேயே பெரிதாகும் புள்ளிதான் மோதவரும் விமானம். அசைவில்லாததைக் கண் எளிதில் கவனிப்பதில்லை என்பதே இதிலுள்ள பேராபத்து.

அனுமதியின்றிக் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழையும் அத்துமீறல்களோ பெரும்பாலும் அற்பக் காரணங்களால் நேர்கின்றன. உயரமானியில் காற்றழுத்தத்தை ஒரு ஹெக்டோபாஸ்கல் தவறாக வைத்தாலே ஏறக்குறைய முப்பது அடி பிழையாகும். பத்துத் தவறினால், 2,400 அடியில் பறப்பதாக நம்பும் விமானி உண்மையில் 2,700 அடியில் இருக்கக்கூடும். அவ்வாறு அறியாத ஒருவர் மேலே கவிந்திருக்கும் அந்த மண்டலத்துக்குள் புகுந்தால், பயணிகளோடு இறங்கிவரும் விமானங்களைத் திருப்பிவிடவும், புறப்பட இருப்பவற்றை நிறுத்திவைக்கவும் நேரிடும். அன்று பிற்பகலிலும் ஒரு விமானம் எல்லையை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டிருக்க, அம்மையார் குரலை உயர்த்தாமல், அழுத்த அளவை மட்டும் சொல்லி, "உயரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். விமானியும் நன்றி கூறி இறங்கிக்கொண்டார்.

அவரை அழைக்க முடிந்ததற்குக் காரணம், எவரோடும் பேசாதவர்கள் வைக்கும் பொது எண்ணாகிய 7000க்குப் பதிலாக, ஃபார்ன்பரோவின் அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அறிவிக்கும் தனி எண்ணை அவர் வைத்திருந்ததே. பேசக் கூச்சப்படும் புதிய விமானிகள் இதையாவது செய்யவேண்டும், உயரம் சொல்லும் கருவியை ஒருபோதும் அணைக்கலாகாது என்று அம்மையார் என்னிடம் வற்புறுத்திச் சொன்னார். பறப்பவர் யாரைச் சந்தித்தாலும் அதை நான் சொல்லிவருகிறேன்.