வெளிச்சாட்சி

வாலிநோக்கத்திலிருந்து அந்த அம்மாள் மூன்றாவது முறையாக வந்திருந்தாள். கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. உடல் கரை ஒதுங்கவில்லை. ஏழு வருஷம் தகவலே இல்லாதிருந்தால்தான் சட்டம் ஒருவனை இறந்தவனாகக் கொள்ளும் என்றேன். "அவுக கையெழுத்து ஒங்ககிட்டதான சார் இருக்கு" என்றாள்.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது, இயேசு இருந்ததற்கு விவிலியத்துக்கு வெளியே உள்ள அத்தாட்சிகளைப் பற்றி. அவர் விஷயம் தலைகீழ். கையெழுத்தில்லை. டைபீரியஸ் சக்கரவர்த்தியின் காசுகள் கோயம்புத்தூர்ப் பக்கம்கூடக் கிடைத்திருக்கின்றன. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் அகப்பட்டது. இயேசுவுக்கு மிஞ்சியது தண்டனைச் செய்தி. கிறிஸ்தவர்களை வெறுத்த டாசிட்டஸ், சுமார் 116இல், அவர்கள் பெயருக்குக் காரணமானவர் பிலாத்துவால் கொல்லப்பட்டதைப் போகிறபோக்கில் எழுதினார்.

சுமார் 93இல் ஜோசிபஸ் எழுதிய பத்தியில் பிற்காலக் கிறிஸ்தவக் கை புகுந்திருக்கிறது. பழைய லெட்ஜரில் திருத்தல் கண்டால் பதிவையே தள்ளிவிட மாட்டேன். அடியிலுள்ள மையைப் பார்ப்பேன். தவிர, யாக்கோபின் கொலையைச் சொல்லுமிடத்தில் அவரை இயேசுவின் சகோதரர் என்றே ஜோசிபஸ் அடையாளம் காட்டுகிறார். பெரும்பாலான அறிஞர்கள் அந்த இடத்தைச் சந்தேகிப்பதில்லை.

இவை ஒரு மனிதர் இருந்ததற்கும் கொல்லப்பட்டதற்கும் போதும், உயிர்த்தெழுந்ததற்கு அல்ல. அவர் சாவைக் கொண்டு வாழ்வை ஒப்புக்கொள்கிறோம். வாலிநோக்கத்துக்காரனின் வாழ்வு எங்கள் படிவத்தில் இருக்கிறது. சாவைத்தான் எழுதிவைக்க யாருமில்லை. கொன்றது அரசாங்கமல்ல, கடல்.

மறுநாள் அவள் மனுவை எடுத்துப் பார்த்தேன். 'ஆதாரம் போதாது' என்றிருந்தது. என் கையெழுத்துதான்.