ரைட் ஃபீல்ட் காலி

2016 டிசம்பர் 6. சிகாகோ வொயிட் சாக்ஸ் தன் இடக்கை பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்துவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கிக்கொண்டது: யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக், லூயிஸ் அலெக்சாண்டர் பசாபே, விக்டர் டியாஸ். மறுநாள் ஆடம் ஈட்டன் வாஷிங்டனுக்குப் போனார். அவருக்கு ஈடாக லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ், டேன் டன்னிங், மூவரும் பிட்சர்கள். உலகத் தொடர் முடிந்து வசந்தகாலப் பயிற்சி தொடங்கும்வரை பேஸ்பால் ரசிகருக்குப் பேச்சுதான் ஆட்டம். வொயிட் சாக்ஸின் தெற்கு சிகாகோ ரசிகர்களுக்கு அந்தக் குளிர்காலத்தில் மெல்ல ஏழு பெயர்கள் கிடைத்தன.

உடனே இரண்டு கட்சி. சேலுக்கு வயது 27, மலிவான ஒப்பந்தம் இன்னும் மூன்று சீசன் பாக்கி, இப்படி ஒரு கையை எவனாவது விற்பானா என்றது ஒன்று. அந்தக் கை இருந்த ஏழு சீசனில் ஒரு தடவையாவது பிளேஆஃப் பார்த்தோமா என்றது மற்றது. அவரை வைத்துக்கொண்டு நான்காவதாக வருவதற்கு அவர் இல்லாமலே நான்காவதாக வரலாமே. எனக்கு இரண்டாம் கட்சியின் வாதம்தான் சரியாகப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. அதனால்தான் பிறகு நடந்தது இவ்வளவு உறுத்துகிறது.

(அந்த ஜூலையில் 1976 பாணிச் சீருடை பிடிக்கவில்லை என்று சேல் அணியின் சட்டைகளையே வெட்டிக் கிழித்துப் போட்டு, ஐந்து நாள் தடை வாங்கியிருந்தார். விற்கலாம் என்ற கட்சிக்கு அதுவும் ஒரு துருப்புச்சீட்டு.)

*

ஐபிஎல்லில் ஒரு வீரரை இன்னொரு அணிக்கு மாற்ற அவருடைய சம்மதம் வேண்டும். மேஜர் லீக் பேஸ்பாலில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவர் மறுக்கலாம். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதி வாங்கியவரும் மறுக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ரசிகர்கள் இவ்வளவு உரிமையோடு “இவனைக் கொடு, அவனை வாங்கு” என்று பேசுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

*

சண்டையே நடக்காத டிரேட்தான் கடைசியில் அதிகம் வலித்தது. 2016 ஜூனில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற அனுபவசாலி பிட்சரை சான் டியேகோவிலிருந்து வாங்கினார்கள். கொடுத்தது எரிக் ஜான்சனையும் ஒரு 17 வயதுப் பையனையும். பையன் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சண்டை போடுவதற்கு யாரிடமும் தகவல் இல்லை. ஷீல்ட்ஸ் அந்த வருஷம் சிகாகோவுக்காக 4 வெற்றி, 12 தோல்வி. பையன் பெயர் ஃபெர்னாண்டோ டட்டிஸ் ஜூனியர். 2021-இல் 42 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக்கில் முதலிடம். அதற்கு முன்பே, அந்தப் பிப்ரவரியில், 14 வருஷத்துக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம்.

டட்டிஸ் புண் ஆறுவதற்குள் மச்சாடோ. 2018-19 குளிர்காலத்தில் மேனி மச்சாடோவை இழுக்க வொயிட் சாக்ஸ் அவருடைய மைத்துனர் யோண்டர் அலோன்சோவை டிரேடில் வாங்கியது, நண்பர் ஜான் ஜேயையும் ஒப்பந்தம் செய்தது. பெண் பார்க்கப் போகுமுன் மாமன் மச்சானைச் சரிக்கட்டும் காரியம். பிப்ரவரியில் மச்சாடோ பத்து வருஷம், 30 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார், சான் டியேகோவோடு. மைத்துனரும் நண்பரும் சிகாகோவில் தங்கிவிட்டார்கள். டட்டிஸ் ஷார்ட்ஸ்டாப், மச்சாடோ தேர்ட் பேஸ் என்று சான் டியேகோவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதைத் தெற்கு சிகாகோ தொலைக்காட்சியில் பார்த்தது.

*

வளரும் வீரர்களுக்கு ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடிக்கும் திறன், பலம், ஓட்டம், எறிகை, தடுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். பள்ளி ரேங்க் கார்டு மாதிரி ரசிகர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். மொன்காடாவைக் கியூபாவிலிருந்து எடுக்க பாஸ்டன் 3.15 கோடி டாலர் போனஸ் கொடுத்து, அதே அளவுக்கு லீக்குக்கு அபராத வரியும் கட்டியிருந்தது. கோபெக் மைனர் லீக்கில் மணிக்கு 105 மைல் வேகத்தில் எறிந்ததாகப் பேச்சு. இந்த எண்களுக்கு முன்னால் சேலின் பழைய ஆட்டங்கள் மங்கித்தான் போகும். சேல் எந்த நாளில் யாரிடம் அடி வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். கோபெக் இன்னும் யாரிடமும் வாங்கவில்லை.

2018-இல் மொன்காடா முழு சீசன் ஆடி 217 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். அந்த வருஷம் லீக்கில் வேறு யாரும் அத்தனை ஆகவில்லை. 2019-இல் அவரே .315 அடித்தார். இரண்டு வருஷமும் இரண்டு கட்சிக்கும் ஆதாரம் கிடைத்தது.

*

ஜியோலிட்டோ கதை இன்னும் மோசம், அல்லது இன்னும் நல்லது. 2018-இல் போதுமான இன்னிங்ஸ் எறிந்த பிட்சர்களில் ஆகக் கடைசி அவர். ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.13 ரன். அந்தக் குளிர்காலத்தில் ஈட்டன் டிரேடைப் பற்றிக் கேட்டிருந்தால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டோம் என்ற பதில்தான் வந்திருக்கும். அடுத்த வருஷம் எறியும் முறையைச் சுருக்கி மாற்றிக்கொண்டு ஆல்-ஸ்டார் ஆனார். 2020 ஆகஸ்ட் 25 அன்று பிட்ஸ்பர்க்குக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர். தொற்றுக்காலம், அரங்கத்தில் ஒரு ரசிகர் இல்லை. நான்கு குளிர்காலம் அவருக்காக வாதாடியவர்கள் வீட்டுக் கூடத்தில் கத்திக்கொண்டிருந்திருப்பார்கள்.

*

2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை வடக்கு சிகாகோவின் கப்ஸுக்கே கொடுத்தார்கள். 2006-க்குப் பிறகு ஒரே நகரத்து இரண்டு அணிகளும் செய்துகொண்ட முதல் டிரேட். வந்தவர்களில் எலோய் ஹிமெனஸ், டிலன் சீஸ் இருவரும் சோடை போகவில்லை. சீஸ் 2022-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் இரண்டாமிடம். கப்ஸ் ரசிகர் ஒருவரை வம்புக்கிழுக்க சீஸின் பெயரே போதுமானதாக இருந்தது.

எலோய் 2018-இல் மைனர் லீக்கில் .337 அடித்தும் மேலே கூப்பிடவில்லை. காரணம் ஆட்டம் அல்ல, காலண்டர். 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு வருஷச் சேவை. ஆறு வருஷம் சேர்ந்தால் வீரர் எந்த அணியோடும் பேரம் பேசலாம். சில வாரம் தாமதித்துக் கூப்பிட்டால் அணிக்கு ஒரு வருஷம் லாபம். 2015-இல் கப்ஸ் இதைக் கிரிஸ் பிரையன்ட்டிடம் செய்து அவர் 171 நாளில் நின்றார். எலோய் 2019 மார்ச்சில் 4.3 கோடி டாலர் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். சீசனின் முதல் நாளே அவருக்கு இடம் கிடைத்தது. “தடுப்பாட்டம் இன்னும் பழக வேண்டும்” என்று அதுவரை சொன்னவர்கள் அந்த வாரத்தோடு சொல்வதை நிறுத்தினார்கள். இந்த விஷயத்தில் நிர்வாகத்தின் வாயாக ரசிகர்கள் பேசுவதுதான் எனக்குப் பிடிபடாதது. ஒரு 21 வயதுக்காரனின் சம்பளத்தை மிச்சம் பிடிப்பதில் டிக்கெட் வாங்குகிறவருக்கு என்ன வரும்படி?

*

இப்போது ரைட் ஃபீல்ட். ஈட்டன் போனபின் அவிசைல் கார்சியா அங்கே நின்றார். 2018 முடிந்ததும் அவரையும் விட்டார்கள். 2020-க்கு நோமர் மசாரா வந்தார். அந்த சீசனில் அவர் அடித்த ஹோம் ரன் ஒன்று. அந்தக் குளிர்காலம் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ஒப்பந்தமில்லாமல் சந்தையில் இருந்தார். ரசிகர்கள் கெஞ்சாத குறை. அவர் 15 கோடி டாலருக்கு டொராண்டோ போனார். வொயிட் சாக்ஸ் யாரைக் கொண்டுவந்தது? ஆடம் ஈட்டனை. நான்கு வருஷத்துக்கு முன் மூன்று பிட்சர்களுக்கு விற்ற அதே ஈட்டன், அதே இடத்துக்கு. 2021 ஜூலைக்குள் அவரையும் நீக்கிவிட்டார்கள். அதன் பிறகு ஆண்ட்ரூ வான், கேவின் ஷீட்ஸ் என்று ஃபர்ஸ்ட் பேஸ்காரர்கள் அவுட்ஃபீல்டில் பந்து துரத்தினார்கள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

செகண்ட் பேஸையும் தாங்களே காலி செய்தார்கள். 2021 ஜூலையில் நிக் மேட்ரிகலையும் கோடி ஹோயரையும் கப்ஸுக்குக் கொடுத்து கிரெய்க் கிம்ப்ரலை வாங்கினார்கள். கிம்ப்ரல் வந்தபின் அடிக்கடி அடி வாங்கினார்.

நான் சொல்ல வருவது இதுதான். பெரிய டிரேடுகளில் வொயிட் சாக்ஸ் தோற்கவில்லை. மொன்காடா, ஜியோலிட்டோ, லோபஸ், சீஸ், எலோய், டன்னிங் எல்லோரும் மேஜர் லீக் ஆடினார்கள். சிலர் ஒரு வருஷமாவது பிரமாதமாக ஆடினார்கள். டன்னிங்கைக் கொடுத்து வாங்கிய லான்ஸ் லின்கூட 2021 சை யங் விருதில் மூன்றாமிடம். எந்த அணியின் ரசிகரும் இந்த விளைச்சலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வார். தோற்றது மீதி இடங்களில். யார் வந்தார், யார் போனார் என்று விடியவிடியப் பேசலாம். வராதவரைப் பற்றி, காசு கொடுத்து நிரப்பாத ஓர் இடத்தைப் பற்றி எத்தனை நேரம் பேச முடியும்? அந்தப் பேச்சில் ரேங்க் கார்டு கிடையாது.

*

காசு. இந்த அணி வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் என்று 2019-இல் யாஸ்மனி கிராண்டாலுக்குக் கொடுத்தது 7.3 கோடி. 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ பெனின்டென்டிக்கு 7.5 கோடி கொடுத்து அதை முறியடித்தார்கள். முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப், 2020-இல் தன் பழைய மேனேஜர் டோனி லா ரூசாவை 76 வயதில் திரும்பக் கூட்டிவந்தவர். அதைப் பற்றி ரசிகர்கள் பேசியதை அச்சில் போட முடியாது.

*

2020 பிளேஆஃப், ஓக்லாந்திடம் தோல்வி. 2021-இல் 93 வெற்றி, பிரிவில் முதலிடம், ஹூஸ்டனிடம் தோல்வி. 2022-இல் 81க்கு 81. 2023-இல் 101 தோல்வி. ஆகஸ்ட்டில் ஜெனரல் மேனேஜர் ரிக் ஹானும் அவருக்கு மேலிருந்த கென்னி வில்லியம்ஸும் வீட்டுக்கு. 2024-இல் 41 வெற்றி, 121 தோல்வி, நடுவில் தொடர்ச்சியாக 21. நவீன காலத்தில் அதற்கு முந்தைய மோசம் 1962 நியூயார்க் மெட்ஸின் 120.

அந்த 1962 மெட்ஸைப் பற்றி ஒரு வேடிக்கை. ஹாரி சிட்டி என்ற கேட்சரை கிளீவ்லாந்திடம் “பின்னர் பெயர் சொல்லப்படும் வீரர்” ஒருவருக்கு ஈடாக வாங்கினார்கள். ஜூனில் பெயர் சொல்லப்பட்டது: ஹாரி சிட்டி. அவருக்கு அவரே ஈடு. இதில் யார் வென்றார் என்று யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

*

ஏழு பேரும் எங்கே போனார்கள்? வாஷிங்டனிலிருந்து ஒன்றாக வந்த ஜியோலிட்டோவும் லோபஸும் 2023 ஜூலையில் ஒரே டிரேடில் ஒன்றாகவே ஏஞ்சல்ஸுக்குப் போனார்கள். டன்னிங் 2023-இல் டெக்சாஸ் அணியோடு சாம்பியன். கோபெக் 2024-இல் டாட்ஜர்ஸோடு சாம்பியன். பசாபேயும் டியாஸும் பேச்சிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டார்கள். மொன்காடாவின் ஒப்பந்தத்தை 2024 முடிவில் நீட்டிக்கவில்லை. விற்கப்பட்ட ஈட்டன் 2019 உலகத் தொடரில் வாஷிங்டனுக்காக இரண்டு ஹோம் ரன் அடித்தவர். அவரிடமும் சாம்பியன் மோதிரம் உண்டு.

பாஸ்டன்காரர்களின் கணக்கு வேறு. 2017-இல் சேல் 308 ஸ்ட்ரைக்அவுட். 2018 உலகத் தொடரின் கடைசி அவுட் அவர் கையால்; ஏமாந்தவர் மேனி மச்சாடோ. அதோடு நிறுத்தியிருந்தால் சரி. 2019-இல் 14.5 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். முழங்கை அறுவை சிகிச்சை, காயத்துக்கு மேல் காயம். முடிந்த கை என்று முடிவுகட்டி 2023 டிசம்பரில் வான் கிரிஸம் என்ற இளைஞருக்காக அட்லான்டாவுக்குக் கொடுத்தார்கள். மறு வருஷம் சேல் 18 வெற்றி, 3 தோல்வி, நேஷனல் லீக்கின் சை யங். பாஸ்டன் ரசிகரும் இளைஞருக்காகக் கிழவரைக் கொடுப்பதன் ருசியைக் கண்டார்.

*

2024 டிசம்பர். மறுபடியும் வொயிட் சாக்ஸ், மறுபடியும் ஓர் இடக்கை பிட்சர், மறுபடியும் பாஸ்டன், மறுபடியும் நால்வர். கேரட் குரோஷே போனார். கைல் டீல், பிரேடன் மான்ட்கோமரி, சேஸ் மைட்ரோத், விக்கல்மன் கொன்சாலஸ் வந்தார்கள். குரோஷே 2025-இல் 255 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து சை யங்கில் இரண்டாமிடம் பிடித்தார். பாஸ்டன் அவரோடு 17 கோடி டாலருக்கு ஆறு வருஷம் எழுதிக்கொண்டது. சிகாகோ 102 தோல்வி. இருந்தும் தெற்கில் அவ்வளவு புலம்பல் இல்லை; டீலும் மைட்ரோத்தும் முதல் சீசனிலேயே மேலே வந்து நின்றுவிட்டார்கள்.

இப்போதைய சண்டை வேறு. டீல் கேட்சர். ஜியோலிட்டோவையும் லோபஸையும் கொடுத்து வாங்கிய எட்கர் கெரோவும் கேட்சர். இருவருக்கும் இருபத்துச் சொச்சம் வயது, ஒருவர் உட்கார்ந்தால்தான் மற்றவர் பிடிக்க முடியும். ஒருவரை ஃபர்ஸ்ட் பேஸுக்கு நகர்த்து என்கிறது ஒரு கட்சி. விலை இருக்கும்போதே ஒருவரை விற்று அவுட்ஃபீல்டர் வாங்கு என்கிறது மற்றது.